உங்களுக்குத் தெரியுமா? – ஸ்னோபோர்டு ஏறப்போகும் கிள்ளான்காரருக்கு

கிள்ளான் பண்டமாரானில் வருஷம் முழுக்க வெயில், நடுவில் மழை. பனி என்றால் ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் பார்ப்பதோடு சரி. ஆனாலும் டிசம்பர் நெருங்கினால் தாமான் பிள்ளைகள் இரண்டு பேராவது "ஜப்பானுக்குப் போறோம், ஸ்னோபோர்டு பழகப் போறோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு ஒரே கவலை: "கையக் காலை ஒடிச்சிக்கிட்டு வந்து நிக்காத ஐயா!" அந்த அம்மாவுக்கும், டிக்கெட் எடுத்துவிட்டு விழிக்கும் அந்தப் பிள்ளைக்கும், "அதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு" என்று ஒதுங்கி நிற்கும் மாமாவுக்கும் சேர்த்து இந்த மாதத் துணுக்குகள்.

★ 2022 குளிர்கால ஒலிம்பிக் போட்டி பெய்ஜிங்குக்குத்தான் என்று முடிவானது நம் கோலாலம்பூரில். 2015 ஜூலை 31ஆம் தேதி அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் இங்கே கூடி வாக்கெடுத்தது. பெய்ஜிங்குக்கு 44 வாக்கு, கஸகஸ்தானின் அல்மாத்திக்கு 40. பனியே பெய்யாத ஊரில் உட்கார்ந்து பனி விளையாட்டின் தலையெழுத்தை எழுதினார்கள்.

★ அதைவிட ருசியான செய்தி: அந்த ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு போட்டிகள் நடந்த இடத்தின் பெயர் 'கெந்திங் ஸ்னோ பார்க்'. ஆமாம், நம் கெந்திங்தான். கெந்திங் மலையை உருவாக்கிய லிம் கோ தோங்கின் இளைய மகன் லிம் சீ வா, சீனாவின் ஜாங்ஜியாகோ மலைப்பகுதியில் 'சீக்ரெட் கார்டன்' என்ற பனிச்சறுக்கு உல்லாசத்தலத்தை எழுப்பினார். ஒலிம்பிக் வந்தபோது அந்தச் சரிவுகளே போட்டிக் களமாயின. 'பிக் ஏர்' என்ற ஒரு பிரிவு மட்டும் பெய்ஜிங் நகருக்குள் பழைய உருக்காலை வளாகத்தில் நடந்தது; மற்ற ஸ்னோபோர்டு பிரிவுகள் அனைத்தும் இங்கேதான். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்கர் ஷான் வைட் கடைசியாகப் போட்டியிட்டு நான்காவதாக வந்ததும், ஜப்பானின் அயுமு ஹிரானோ தங்கம் வென்றதும் இந்த மலையில்தான். வார இறுதியில் கோத்தோங் ஜெயா வளைவுகளில் காரை உருட்டிக்கொண்டு நாம் ஏறிப் போகிறோமே, அந்த மலைக்கும் ஸ்னோபோர்டு உலகின் உச்ச மேடைக்கும் இடையே இப்படி ஒரு குடும்ப உறவு இருக்கிறது.

★ அதே களத்தில் இன்னொரு கதை நடந்தது. லிண்ட்சி ஜேகபெல்லிஸ் என்ற அமெரிக்கப் பெண், 2006 டூரின் ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்டு கிராஸ் பந்தயத்தில் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். கோட்டைத் தொட இரண்டாவது கடைசித் தாவல். தங்கம் கையில் இருக்கிறது என்ற தெம்பில் காற்றில் பலகையைப் பிடித்து ஒரு வித்தை காட்டினார். இறங்கும்போது விழுந்தார். பின்னால் வந்த சுவிட்சர்லாந்துப் பெண் கடந்து போய்விட்டார். வெள்ளிதான் மிஞ்சியது. அடுத்தடுத்த ஒலிம்பிக்குகளிலும் தங்கம் கைகூடவில்லை. பதினாறு ஆண்டு கழித்து, 36 வயதில், கெந்திங் ஸ்னோ பார்க்கில் ஸ்னோபோர்டு கிராஸ் தங்கத்தை வென்றார். சில நாளில் கலப்பு அணிப் பிரிவிலும் இன்னொரு தங்கம். அவருடைய ஜோடி நிக் பாம்கார்ட்னருக்கு அப்போது 40 வயது. "எனக்கு வயசாயிருச்சே தம்பி" என்று சொல்பவர்கள் இந்தத் துணுக்கை இரண்டு தடவை படிக்கலாம்.

★ ஸ்னோபோர்டின் பாட்டன் ஒரு பொம்மை. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், வீட்டுப் பிள்ளைகள் விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளை ஒன்றாகச் சேர்த்து முடுக்கிக் கொடுத்தார். அதன் மேல் நின்றபடி பிள்ளைகள் வீட்டுப் பின்னால் இருந்த மேட்டில் சறுக்கினார்கள். 'ஸ்னர்ஃபர்' என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர் மனைவி. பிறகு அது கடைக்கு வந்து லட்சக்கணக்கில் விற்றது. காலைப் பிணைக்கும் பட்டை அதில் கிடையாது. முன்முனையில் ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கெந்திங் மலையில் லிம் கோ தோங் வேலையைத் தொடங்கியதும் அதே 1965இல் என்பது கூடுதல் செய்தி.

★ 1977இல் ஜேக் பர்டன் என்ற இளைஞர் வெர்மான்ட் மாநிலத்தில் அந்தப் பொம்மையைத் திருத்திக் காலைப் பிணைத்துத் தனிப் பலகையாக்கி விற்கக் கிளம்பினார். இன்று வாடகைக் கடையில் உங்கள் கையில் தரப்படும் பலகையில் 'பர்டன்' என்று எழுதியிருந்தால் அது அவர் பெயர். 2019இல் காலமானார்.

★ ஆரம்ப காலத்தில் ஸ்னோபோர்டுக்காரர்களைப் பெரும்பாலான பனிச்சறுக்குத் தலங்கள் உள்ளேயே விடவில்லை. ரவுடிப் பிள்ளைகள் என்று பெயர். அமெரிக்காவில் ஆல்ட்டா, டியர் வேலி, மேட் ரிவர் கிளென் ஆகிய மூன்று தலங்கள் இன்னமும் ஸ்கீ மட்டும்தான் என்று அடம்பிடிக்கின்றன. மற்ற இடங்களில் பெரும்பாலானவை திறந்த பிறகு, 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதல்முறை சேர்ந்தது. ரவுடிப் பட்டம் அங்கேயும் விடவில்லை: முதல் தங்கம் வென்ற கனடாக்காரர் ராஸ் ரெபாக்லியாட்டியின் பரிசோதனையில் கஞ்சா தென்பட்டுப் பதக்கம் பறிக்கப்பட்டது. தடைப் பட்டியலில் கஞ்சா அப்போது ஒழுங்காகச் சேர்க்கப்படவில்லை என்பதால் சில நாளில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

★ சரி, கதை போதும், கற்றுக்கொள்வதற்கு வருவோம். உங்களுக்கு எந்தக் கால் முன்னால் வரும் என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கூடத்தில் தரை ஓடு போட்டிருக்கிறதல்லவா? காலுறை மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு ஓடி வந்து சறுக்குங்கள். யோசிக்காமல் எந்தக் கால் முன்னே போகிறதோ அதுதான் பலகையிலும் முன்னே. இடது கால் முன்னே என்றால் 'ரெகுலர்', வலது கால் முன்னே என்றால் 'கூஃபி'. இரண்டில் எதுவும் குறையில்லை. எழுதும் கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாடகைக் கடையில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பதில் தெரியாமல் நின்றால் கடைக்காரரே பின்னாலிருந்து மெல்லத் தள்ளிப் பார்ப்பார். தடுமாறி எந்தக் காலை முன்னே வைக்கிறீர்களோ, அதைக் குறித்துக்கொள்வார்.

★ முதல் நாள் பாடம் சறுக்குவது அல்ல, உட்கார்வதும் எழுவதும்தான். பனியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். காலணியின் அடியில் ஒட்டிய பனியை நன்றாகத் தட்டிவிட வேண்டும். கொஞ்சம் பனி மிச்சமிருந்தாலும், காலைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்குக்குள் கால் முழுசாக உட்காராது. குதிகாலைப் பின் தட்டோடு ஒட்டி வைத்து, முதலில் முன்கால், பிறகு பின்கால். ஒவ்வொரு காலிலும் கணுக்கால் பட்டை முதலில், விரல் பட்டை பிறகு. பல்பட்டையை இழுக்கும்போது 'டக் டக் டக்' என்று இறுகும். கையுறை போட்ட கையால் இதைச் செய்ய முதல் நாளில் பத்து நிமிஷம் போகும். பக்கத்தில் ஆறு வயது ஜப்பான் பிள்ளை நின்றபடியே இரண்டு பட்டையையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். வெட்கப்படாதீர்கள்.

எழுவதற்கு இரண்டு வழி உண்டு. மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால், ஒரு கையால் பலகையின் முன் விளிம்பைப் பிடித்து, மறு கையால் பின்னால் தரையை ஊன்றி எழ வேண்டும். தொப்பை இருப்பவர்களுக்கு இது நடக்காத காரியம். அவர்கள் அப்படியே புரண்டு குப்புறக் கவிழ்ந்து, முழங்காலில் நின்று, இரண்டு கையாலும் தரையைத் தள்ளி எழலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எழுந்துவிடலாம்.

★ ஸ்னோபோர்டில் தொடக்கக்காரர் அதிகம் உடைத்துக்கொள்வது காலை அல்ல, மணிக்கட்டை. ஸ்கீ பழகுபவருக்குக் கால் இரண்டும் தனித்தனி, கையில் கோலும் உண்டு. அடி பெரும்பாலும் முழங்காலுக்கு. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் மாட்டியிருப்பதால் தடுமாறினால் காலை எடுத்து வைக்க வழியில்லை. உடனே கை நீள்கிறது. விரித்த உள்ளங்கையில் மொத்த உடம்பும் இறங்குகிறது.

நார்வேயின் ஹாஃப்யெல் மலையில் 5,029 ஸ்னோபோர்டுக்காரர்களை இரு குழுவாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2001இல் வெளியானது. மணிக்கட்டுக் காப்பு அணிந்த குழுவில் மணிக்கட்டில் அடிபட்டவர்கள் 8 பேர். அணியாத குழுவில் 29 பேர். இந்தக் காப்பு ஒன்றும் பெரிய விலையில்லை. ரோலர் ஸ்கேட் விற்கும் விளையாட்டுக் கடையில் கிடைக்கும். ஷா ஆலம், கிள்ளான் பேரங்காடிகளில் தேடினால் மாட்டும். கையுறைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பின்புறத்துக்கு மெத்தை வைத்த உள் கால்சட்டையும் உண்டு. முதல் நாள் மாலை நாற்காலியில் உட்காரும்போது அதன் அருமை புரியும்.

★ விழுவதற்கும் முறை இருக்கிறது. முன்னால் விழுந்தால் கையை முஷ்டியாக மடக்கி முன்னங்கை முழுதும் தரையில் படும்படி விழ வேண்டும். பின்னால் விழுந்தால் உட்காருவது போல் இறங்கி, தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்து முதுகில் உருண்டுவிட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. இந்த இரண்டையும் வீட்டு மெத்தையில் பழகிவிட்டுப் போகலாம். தலைக்கவசம் கட்டாயம். மோட்டாருக்குப் போடும் அந்தக் கவசம் அல்ல, அங்கேயே வாடகைக்குத் தருவார்கள்.

★ நன்றாகத்தானே வந்தேன், திடீரென்று யாரோ தரையில் அறைந்த மாதிரி விழுந்தேனே, ஏன்? இந்தக் கேள்வியைக் கேட்காத தொடக்கக்காரர் கிடையாது. காரணம் இதுதான்: பலகையின் இரு பக்கமும் எஃகு விளிம்பு இருக்கிறது. குறுக்காகச் சறுக்கும்போது மலையின் மேல்பக்க விளிம்பு மட்டும் பனியைச் சுரண்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு நொடி அசந்து கீழ்ப்பக்க விளிம்பு பனியில் பதிந்தால் பலகை நின்றுவிடும், உடம்பு நிற்காது. கண் சிமிட்டும் முன் தரையில் கிடப்பீர்கள். தட்டையான, ஆபத்தே இல்லாத இடத்தில்தான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் அங்கேதான் கவனம் தளர்கிறது. மருந்து ஒன்றே: எந்த நேரமும் ஏதாவது ஒரு விளிம்பில் இருங்கள். பலகையைத் தட்டையாக விடாதீர்கள்.

★ பயிற்சியாளர் முதலில் திருப்பக் கற்றுத் தரமாட்டார். குதிகால் விளிம்பில் நின்று நேரே கீழே நழுவ வேண்டும். பிறகு அதே விளிம்பில் இடமும் வலமுமாக நகர்ந்து நகர்ந்து இறங்க வேண்டும். இதற்கு 'உதிரும் இலை' என்று பெயர். அப்புறம் அதையே விரல் விளிம்பில், மலையைப் பார்த்தபடி. அதற்கப்புறம்தான் திருப்பம். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பவர்கள்தான் மத்தியானமே ஓட்டலுக்குத் திரும்புகிறார்கள்.

★ திருப்பம் வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், பயத்தில் பின்னால் சாய்வது. சாய்ந்தால் வேகம் குறையும் என்று உடம்பு நினைக்கிறது. நடப்பது நேர்மாறு: பலகையின் முன்பகுதி பிடியை இழந்து, சொன்ன பேச்சைக் கேட்காமல் நேராக ஓடும். எடை முன்காலில் இருக்க வேண்டும். அடுத்தது கண். கப்சாய் மோட்டார் ஓட்டி வளர்ந்த பண்டமாரான் பிள்ளைக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: வளைவில் எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்தால் வண்டி தானாக அங்கே போகும், குழியைப் பார்த்தால் குழிக்குள் போகும். ஸ்னோபோர்டிலும் அதே கதைதான். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு இடுப்பு, இடுப்போடு பலகை. காலடியைப் பார்த்துக்கொண்டே இறங்குபவர் காலடியிலேயே விழுவார்.

★ மலை உச்சிக்குத் தூக்கிச் செல்லும் நாற்காலி லிஃப்டுக்கும் வாழைத்தாருக்கும் சம்பந்தம் உண்டு! 1936இல் அமெரிக்காவின் சன் வேலியில் உலகின் முதல் பனிச்சறுக்கு நாற்காலி லிஃப்ட் அமைந்தது. வடிவமைத்த ஜேம்ஸ் கரன் என்ற ரயில்வே பொறியாளர், அதற்கு முன் வெப்பமண்டலத் துறைமுகங்களில் வாழைத்தாரைக் கப்பலில் ஏற்றும் கம்பிவடக் கொக்கிகளோடு வேலை பார்த்தவர். கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியை மாட்டினார், முடிந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் நமக்கு இந்தப் பொறியாளர் மேல் ஒரு தனிப் பிரியம் வருவது நியாயம்.

லிஃப்டில் ஏறும்போது பின்காலைப் பைண்டிங்கிலிருந்து கழற்றிவிட வேண்டும். இறங்கும் இடம்தான் தொடக்கக்காரரின் மயானம்: முன்கால் மட்டும் மாட்டிய பலகையை நேராக வைத்து, பின்காலை இரண்டு பைண்டிங்குக்கும் நடுவே பலகையில் ஊன்றி, எழுந்து அப்படியே வழுக்கிப் போக வேண்டும். விழுந்தால் உடனே தவழ்ந்தாவது ஒதுங்குங்கள், அடுத்த நாற்காலி வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான தலங்களில் தொடக்கக்காரருக்குத் தரையோடு ஓடும் நகரும் பட்டை இருக்கும். முதல் நாள் அதுவே போதும்.

★ ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பனியில் இறங்கும் மலேசியரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; நனைந்த ஜீன்ஸ் அரை மணியில் விறைத்துப் போகும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய செயற்கை இழை அல்லது கம்பளி உடை, நடுவில் ஒரு கதகதப்பு உடை, மேலே நீர் புகாத சட்டையும் கால்சட்டையும். காலுறை ஒன்றே ஒன்று. குளிருக்குப் பயந்து இரண்டு மாட்டினால் இரத்த ஓட்டம் இறுகிக் கால் இன்னும் சில்லிடும், கொப்புளமும் போனஸ்.

உடைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நம்மூர் பண்டல் கடைகளில் ஜப்பானிலிருந்து வரும் பழைய துணி மூட்டைகளில் பனிச்சறுக்குச் சட்டைகள் அடிக்கடி தலைகாட்டும். ஜப்பானின் பழைய பொருள்களைக் கொண்டுவந்து விற்கும் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' கடைகளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. சட்டையை வாங்கும் முன் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உருண்டு விழுந்தால் வாங்கலாம், ஊறினால் வைத்துவிடுங்கள். ஹொக்கைடோவில் சறுக்கிய சட்டை கிள்ளானுக்கு வந்து, மறுபடி உங்கள் பெட்டியில் ஹொக்கைடோவுக்கே போகும். போகட்டும்.

கையுறை விஷயத்தில் ஒரு வார்த்தை. உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்பும் ஊர் நம்முடையது. ஆனால் அந்தக் கையுறை இதற்கு உதவாது.

★ பனியில் முகம் கறுக்கும். புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கிறது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது கதிரின் வலு பத்து விழுக்காட்டு அளவில் ஏறுகிறது. மேலிருந்தும் அடி, கீழிருந்தும் அடி. "நான் ஏற்கெனவே கறுப்புத்தானே" என்று சன்கிரீமை விட்டுவிடாதீர்கள். மூக்கின் கீழும் தாடையின் அடியிலும் கூடத் தடவ வேண்டும். கண்ணாடி இல்லாமல் நாள் முழுக்க நின்றால் கண் மணல் போட்டது போல் உறுத்தி, இரவெல்லாம் தூங்க விடாது.

★ சரிவின் கடினத்தை நிறத்தால் காட்டுவார்கள். ஆனால் நாட்டுக்கு நாடு நிறம் மாறும். ஜப்பானில் பச்சை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஐரோப்பாவில் நீலம் எளிய சரிவு. அமெரிக்காவில் அதே நீலம் நடுத்தரச் சரிவு. சுவிட்சர்லாந்தில் நீலத்தில் இறங்கியவர் அமெரிக்காவிலும் நீலம்தானே என்று கிளம்பினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்.

★ பனிமலைக்கும் சாலை விதி உண்டு. அனைத்துலக ஸ்கீ, ஸ்னோபோர்டு சம்மேளனத்தின் பத்து விதிகளில் முக்கியமானது இது: கீழே இருப்பவருக்கே வழி. மேலிருந்து வருபவர்தான் ஒதுங்க வேண்டும். குறுகிய இடத்திலும் மேட்டின் மறைவிலும் நிற்கவோ உட்காரவோ கூடாது. நம் ஆட்கள் செல்ஃபி எடுக்கத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

★ இலங்கைத் தமிழர் ஐம்பதாயிரம் பேர் அளவில் வாழும் சுவிட்சர்லாந்தில், பள்ளிகளே பிள்ளைகளை ஒரு வாரம் மலைக்கு அழைத்துப்போய்ச் சறுக்கக் கற்றுத் தரும் முகாம் வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்து அப்பா பனியில் காலை ஊன்றி ஊன்றி நடப்பார். அவர் பிள்ளை அதே பனியில் பறக்கும். தமிழனுக்கு இது ஒத்துவராது என்று யாராவது சொன்னால் இந்தப் பிள்ளைகளைக் காட்டலாம்.

★ மலேசியா முதன்முதலில் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனது 2018இல், தென் கொரியாவின் பியோங்சாங்குக்கு. போனவர்கள் இருவர்: 'ஃபிகர் ஸ்கேட்டிங்' என்ற பனிக்கட்டிச் சறுக்கில் ஜூலியன் யீ, மலைச் சரிவு ஸ்கீயில் ஜெஃப்ரி வெப். ஜூலியன் சிறு வயதில் சறுக்கப் பழகியது சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில். 2022இல் வெப்போடு அருவின் சலேஹுடின் என்ற பெண்ணும் போனார். குளிர்கால ஒலிம்பிக் கண்ட முதல் மலேசியப் பெண் அவர். ஸ்னோபோர்டில் நம் கொடி பறக்கும் நாளுக்கு இடம் காலியாகவே இருக்கிறது.

★ எங்கே போய்ப் பழகுவது? கினாபாலு மலை 4,095 மீட்டர் உயரம், ஆனாலும் சறுக்கும் அளவுக்கு அங்கே பனி கிடையாது. ஷா ஆலம் ஐ-சிட்டியின் பனி அரங்கில் குளிரைத் தாங்குகிறோமா, சட்டை போதுமா என்று சோதிக்கலாம். பழகுவதற்கு அது இடமில்லை.

கூரைக்குள் பழக வேண்டுமானால் குவாங்சோ. 2019இல் அங்கே பெரிய உள்ளரங்கப் பனிச்சரிவு திறந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேர விமானம். 2023 டிசம்பரிலிருந்து சீனாவுக்கு நமக்கு விசாவும் தேவையில்லை. துபாயில் சொந்தக்காரர் இருந்தால், 2005இல் திறந்த ஸ்கீ துபாய் இருக்கிறது. அதன் நீளமான சரிவு 400 மீட்டர். உள்ளரங்கின் நன்மை, எந்த மாதமும் போகலாம். குறை, அங்கே பனி இறுகிப்போயிருக்கும். விழுந்தால் வலி அதிகம்.

வெட்டவெளியில் என்றால் என் ஓட்டு ஹொக்கைடோவுக்கு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நிசெக்கோ மலைகளில் மாவாகக் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் ஏறக்குறைய 15 மீட்டர். விழுந்தால் வலிக்காத பனி அது. 2015இல் ஏர் ஏஷியா எக்ஸ் கோலாலம்பூரிலிருந்து சப்போரோவுக்கு நேரடி விமானம் விட்ட பிறகுதான் நம் பிள்ளைகள் அங்கே படையெடுக்க ஆரம்பித்தார்கள். மின்னியல் கடப்பிதழ் உள்ள மலேசியருக்கு 2013இலிருந்தே ஜப்பான் விசா வேண்டாம். இன்னொரு வேடிக்கை: நிசெக்கோவின் நான்கு தலங்களில் ஒன்றான 'நிசெக்கோ வில்லேஜ்' 2010இலிருந்து நம் ஒய்.டி.எல். நிறுவனத்துடையது. கெந்திங் குடும்பம் சீனாவில், ஒய்.டி.எல். ஜப்பானில். பனியே இல்லாத நாட்டுக்காரர்களுக்குப் பனியில் எவ்வளவு முதலீடு பாருங்கள்.

இந்தியாவில் காஷ்மீரின் குல்மர்க். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 3,980 மீட்டர் வரை தூக்கிப்போகும். தொடக்கக்காரர் அங்கே ஏறக்கூடாது. மூச்சும் வாங்கும், சரிவும் மன்னிக்காது. கீழே கிண்ணம் போன்ற புல்வெளிச் சரிவுகளே பழகுவதற்கு ஏற்றவை. 2022 ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கான் இந்தப் பகுதிக்காரர்தான்.

★ போவதற்கு முன் இரண்டு மாதம் தொடையைத் தயார் செய்யுங்கள். ஸ்னோபோர்டில் முழங்கால் எப்போதும் மடிந்தே இருக்கும். கூடவே நாளுக்குப் பல தடவை உட்கார்ந்து எழ வேண்டும். பண்டமாரான் விளையாட்டு வளாகத்தில் காலை ஓட்டம், வீட்டில் தோப்புக்கரணம், வார இறுதியில் பத்துமலையின் 272 படி. படியை ஏறும்போது அல்ல, இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள். தொடையின் முன்பக்கம் எரியும். மலைச் சரிவில் எரியப்போவதும் அதே தசைதான்.

★ எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்? பலகை, காலணி, பைண்டிங் மூன்றும் வாடகைக்கு எடுங்கள். தொடக்கக்காரருக்குப் பலகை நிறுத்திப் பார்த்தால் தாடை உயரம் இருந்தால் போதும், கொஞ்சம் வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். காலணியில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள்: முழங்காலை மடக்கும்போது குதிகால் உள்ளே தூக்கினால் வேறு கேளுங்கள், எத்தனை ஜோடி மாற்றினாலும் பரவாயில்லை. மிச்சமாகும் காசைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். நண்பன் கற்றுத் தருவான் என்று நம்பிப் போகாதீர்கள். அவன் ஒரு மணி நேரம் பொறுமையாக இருப்பான், அப்புறம் மேலே போய்விடுவான்.

★ பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பல திட்டங்களில் பனிச்சறுக்குக் காயம் சேராது, அல்லது தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சின்ன எழுத்தைப் படியுங்கள்; புரியாவிட்டால் முகவரைக் கூப்பிட்டு "ஸ்னோபோர்டுக்குக் காசு தருவீங்களா, மாட்டீங்களா?" என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

★ டிசம்பர் கடைசி வாரமும் சீனப் புத்தாண்டு வாரமும் ஹொக்கைடோவில் கூட்டமும் விலையும் உச்சம். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் முன்கூட்டியே பதிவாகிவிடுவார்கள். மார்ச் முதல் வாரத்தில் பனி நிறையவே இருக்கும், குளிரும் கூட்டமும் குறைந்திருக்கும். முதல் தடவை போகிறவர்கள் அந்த வாரத்தைப் பாருங்கள். பயிற்சி வகுப்பை முதலில் பதிவு செய்துவிட்டு விமான டிக்கெட்டை அப்புறம் வாங்குங்கள். மணிக்கட்டுக் காப்பை மறக்காமல் பெட்டியில் வையுங்கள்.